சாரணன் பெயரில் ஒரு சிகரம்

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குச் 'சாரணர்' என்ற சொல் முதலில் சிலப்பதிகாரத்தில்தான் எதிர்ப்படும். நாடுகாண் காதையில், அரங்கத்துச் சோலையில், கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் வணங்குகிற சமண முனிவர் அவர். வானத்தில் நடக்க வல்லவர். அகராதியைப் புரட்டினால் அதே சொல்லுக்கு இன்னொரு பொருள் இருக்கிறது: ஒற்றன். திரிதல், நடமாடுதல் என்ற வடமொழி வேரிலிருந்து இரண்டும் கிளைத்திருக்கின்றன. ஊர் ஊராகத் திரிகிற துறவியும் ஊர் ஊராகத் திரிகிற வேவுகாரனும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கிறார்கள். இது தற்செயல் இல்லை என்று வள்ளுவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒற்றாடல் அதிகாரத்தில் துறவிக் கோலம் போட்டுக்கொண்டு எங்கும் புகுந்து வருகிறவனே ஒற்றன் என்கிறார்.

எனக்கு அந்தச் சொல் எம்.ஏ.வுக்கு முன்னாலேயே அறிமுகம். எட்டாம் வகுப்பில் நான் சாரணன். காக்கி உடுப்பு, கழுத்தில் ஸ்கார்ஃப், இடது கையால் கைகுலுக்கல். சனிக்கிழமைகளில் 'தடம் பார்க்கிற' விளையாட்டு. குச்சியும் கல்லும் வைத்து அம்புக்குறி போட்டுவிட்டு ஒரு குழு முன்னால் போய்விடும், மற்ற குழு அதைப் பார்த்துப் பார்த்துப் பின்னால் போகும். வட்டம் போட்டு நடுவில் ஒரு புள்ளி இருந்தால் 'விளையாட்டு முடிந்தது, வீட்டுக்குப் போய்விட்டேன்' என்று அர்த்தம். யாரை, எதற்காகப் பின்தொடர்கிறோம் என்று ஒரு பயலும் கேட்டதில்லை. நானும்தான்.

அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது ஒரு மலைச் சிகரம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கு வடக்கே சான் கேப்ரியல் மலைத்தொடர். அதில் ஏறத்தாழ 9,400 அடி உயரத்தில் பேடன் பவல் சிகரம். சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவர் பெயர், 1931-இல் வைத்தார்கள். அதற்கு முன்னால் அந்த மலைக்குப் பெயர் 'வடக்கு மொட்டை'. (நம்ம பக்கமும் மொட்டைமலைக்குப் பஞ்சமில்லை.) அதை ஒட்டி, 9,000 அடிக்கு மூன்றடி குறைவாக, இன்னொரு சிகரம் நிற்கிறது. 1951-இல் அமெரிக்க நிலவியல் அளவைத் துறை அதற்குப் பர்ன்ஹாம் சிகரம் என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. ஃபிரெடரிக் ரஸ்ஸல் பர்ன்ஹாம் (1861–1947). வனவிலங்குப் பாதுகாவலர், பேடன் பவலுக்குக் காட்டு வித்தை கற்றுக்கொடுத்தவர் என்று கைப்புத்தகங்கள் சொல்லும். இரண்டும் உண்மை. ஆனால் இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் கிடக்கிற உண்மையை மலைப் பெயர் எப்படி விழுங்கிக்கொள்கிறது என்பதே எனக்குப் பிரச்சினை.

பர்ன்ஹாம் பிறந்தது மின்னசோட்டாவில், செவ்விந்தியர் என்று வெள்ளையர் பெயரிட்ட டகோட்டா மக்களின் நிலத்தில். அவருக்கு ஒரு வயதாக இருக்கும்போது, 1862-இல், டகோட்டா மக்கள் எழுச்சி கொண்டார்கள். தாய், குழந்தையைச் சோளத்தட்டைக் குவியலுக்குள் ஒளித்து வைத்துவிட்டுத் தப்பினாள் என்பது குடும்பக் கதை. அந்த ஆண்டு டிசம்பரில் மான்கேட்டோ ஊரில் 38 டகோட்டா ஆண்கள் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டார்கள். குழந்தையின் கதை புத்தகத்துக்குப் புத்தகம் வருகிறது. அந்த 38 பேர் அதே பக்கத்தில் வருவதில்லை.

பையன் வளர்ந்து அரிசோனாவில் அப்பாச்சே மக்களுக்கு எதிரான போரில் தடம் பார்க்கிறவனானான். புல் சாய்ந்திருக்கும் கோணம், சாம்பலின் சூடு, குதிரைச் சாணத்தின் ஈரம், இவற்றிலிருந்து எத்தனை பேர், எப்போது, எந்தப் பக்கம் போனார்கள் என்று வாசிக்கிற படிப்பு. இத்தாலிய வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க் 1979-இல் எழுதிய கட்டுரையொன்றில், மனிதன் கதை சொல்லத் தொடங்கியதே வேட்டைக்காரன் தடத்தை வாசித்ததிலிருந்து இருக்கலாம் என்கிறார். கண்ணுக்கு முன்னால் இல்லாத ஒன்றை, அது விட்டுப்போன குறிகளால் கட்டியெழுப்புவது. எனக்கு மிகவும் பிடித்த கட்டுரை. ஆனால் கின்ஸ்பர்க்கின் வேட்டைக்காரன் மிருகத்தைத் தேடுகிறான். பர்ன்ஹாம் வாசித்த பிரதி மனிதர்கள்.

1893-இல் பர்ன்ஹாம் மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு ஆப்பிரிக்கா போனார். செசில் ரோட்ஸின் கம்பெனி இன்றைய ஜிம்பாப்வேயின் நடெபெலே நாட்டைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். முதல் போரில் வேவுக்காரராகச் சேர்ந்தார். 1896-இல் நடெபெலே மக்கள் மறுபடி எழுந்தபோது மடோபோ குன்றுகள் அவர்களுக்கு அரணாயின. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய பாறைகள், குகைகள். அங்கே ம்லிமோ என்ற தெய்வம் குகைக்குள்ளிருந்து பேசும், அதன் வாக்கைச் சொல்கிறவர்கள் இருந்தார்கள். ஆங்கிலேயர்களுக்கு இது விளங்கவில்லை. ம்லிமோ என்பது ஒரு ஆள், கலகத்துக்கு மூளையாக இருக்கிற பூசாரி, அவனைச் சுட்டால் கலகம் அடங்கும் என்று கணக்குப் போட்டார்கள். நம்ம ஊரில் சாமியாடியைச் சுட்டுவிட்டுச் சாமியைச் சுட்டதாகச் சொல்வதைப் போல. பர்ன்ஹாமும் ஆம்ஸ்ட்ராங் என்ற இளம் அதிகாரியும் குன்றுக்குள் ஊர்ந்து போய், குகையில் ஒருவரைச் சுட்டுக்கொன்று, வழியில் குடிசைகளுக்குத் தீ வைத்துவிட்டுத் தப்பி வந்தார்கள். செத்தவர் அவர்கள் தேடிய ஆள்தானா என்ற சந்தேகம் அப்போதே எழுந்து விசாரணை வரைக்கும் போனது. போர் அந்தக் குண்டால் முடியவும் இல்லை. ஆகஸ்டு முதல் ரோட்ஸே குன்றுகளுக்குள் போய் நடெபெலே தலைவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் முடிந்தது.

அந்த 1896-இல், அதே மடோபோவில்தான் பேடன் பவலும் பர்ன்ஹாமும் சந்தித்தார்கள். சேர்ந்து குதிரையில் வேவு பார்க்கப் போனார்கள். காட்டில் தடம் வாசிக்கிற வித்தையைப் பேடன் பவல் அங்கேதான் கற்றுக்கொண்டார். அகன்ற விளிம்புத் தொப்பியும் அப்படி வந்ததுதான். அதே ஆண்டில் பேடன் பவல் உவினி என்ற தலைவரை ராணுவ விசாரணை நடத்திச் சுட்டுக் கொன்றதும், அதற்காகத் தானே விசாரணைக்கு உள்ளானதும் நடந்தன. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1908-இல், அவர் சிறுவர்களுக்காகச் சாரணர் நூலை எழுதினார். நான் எட்டாம் வகுப்பில் விளையாடிய விளையாட்டு எந்த மண்ணில் முளைத்தது என்பது எனக்கு இப்படித்தான் தெரிய வந்தது.

பர்ன்ஹாமைச் சும்மா ஒரு வில்லனாக நிறுத்திவிட்டுப் போவது எளிது. அது எனக்கு உவப்பில்லை. புலவாயோ முற்றுகையின்போது அவருடைய இரண்டு வயதைத் தாண்டாத மகள் நோயால் இறந்தாள். போயர் போரில் பிரிட்டிஷ் படைக்கு வேவுத் தலைவராக இருந்து ஏழாம் எட்வர்ட் கையால் விருது வாங்கியவர், 1910-இல் ஒரு விநோதமான யோசனையோடு அமெரிக்காவில் வந்து நின்றார்: ஆப்பிரிக்க நீர்யானைகளைக் கொண்டுவந்து லூசியானாவின் சதுப்புகளில் வளர்ப்போம், ஆகாயத் தாமரையைத் தின்று ஒழிக்கும், நாட்டுக்கு இறைச்சியும் கிடைக்கும். ப்ரூஸார்ட் என்கிற உறுப்பினர் இதற்கு மசோதாவே கொண்டுவந்தார். பர்ன்ஹாமுக்குப் பக்கபலமாகச் சாட்சி சொன்னவர் டுக்கேன். போயர் போரில் பர்ன்ஹாமைக் கொல்வதற்காக அலைந்த எதிர்த்தரப்பு ஒற்றன்! மசோதா நிறைவேறவில்லை. நம்ம கண்மாய்களை ஆகாயத் தாமரை மூடிக் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கதை ஞாபகம் வந்து சிரிப்பு வரும். ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. எந்தக் கண்டத்து உயிரையும் எந்தக் கண்டத்துக்கும் நகர்த்தலாம், நிலம் என்பது நிரப்புவதற்குக் காத்திருக்கும் வெற்றிடம் என்ற பார்வை. அது பேரரசின் பார்வை. நீர்யானைக்கு மட்டும் அது பொருந்தியதில்லை.

1923-இல் கலிஃபோர்னியாவில் எண்ணெய் கண்டு பணக்காரரானார். அதற்குப் பிறகுதான் 'பாதுகாவலர்' பிறக்கிறார். மாநிலப் பூங்கா ஆணையத்தில் உறுப்பினர். செம்மரக் காடுகளைக் காக்கும் சங்கத்தில் இடம். எழுபத்தைந்து வயதில், 1936-இல், அரிசோனாவின் பாலைநிலப் பெருங்கொம்பு ஆடுகள் 150-க்கும் கீழே போய்விட்டன என்று கேள்விப்பட்டு, சாரணர் இயக்கத்தைத் திரட்டினார். பள்ளிகளில் சுவரொட்டிப் போட்டி வைத்தார்கள், சாரணர்களின் கழுத்து ஸ்கார்ஃபில் ஆட்டின் உருவம் ஏறியது. 1939 ஜனவரியில் கோஃபா, கபேசா ப்ரியெட்டா என்ற இரண்டு புகலிடங்கள் அறிவிக்கப்பட்டன. இரண்டும் சேர்ந்து 15 லட்சம் ஏக்கருக்கு மேல். ஆடுகள் பிழைத்தன. இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். இன்று அந்த ஆடுகளைப் பாறைமேல் பார்க்கிற எவனும் பர்ன்ஹாமுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் பெயர்களைப் பாருங்கள். கோஃபா என்பது 'அரிசோனாவின் அரசன்' என்ற தங்கச் சுரங்கத்தின் சுருக்கெழுத்து. சுரங்கத்துச் சாமான்மேல் குத்திய முத்திரை மலைக்குப் பெயராகிவிட்டது. கபேசா ப்ரியெட்டா ஸ்பானிய மொழியில் கருந்தலை. அந்த ஆடுகளை வேட்டையாடி, அந்தப் பாலையின் சுனைகளை அறிந்து வாழ்ந்த ஓஓதாம் மக்களின் சொல் இரண்டு பெயரிலும் இல்லை. இரண்டு ஆண்டு கழிந்து 1941-இல் அதே கபேசா ப்ரியெட்டாவை ராணுவம் வான்வழிச் சுடுபயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. ஆட்டுக்குப் புகலிடம், ஆகாயத்தில் குண்டு. 'பாதுகாப்பு' என்ற சொல்லுக்கு ராணுவத்திலும் வனத்துறையிலும் ஒரே சொல்லாக இருப்பது தமிழில் மட்டும் நேர்ந்த விபத்து இல்லைபோல.

மனிதர்களை விரட்டியவனும் மிருகங்களைக் காத்தவனும் ஒருவனே என்பதில் முரண் இல்லை என்றே நினைக்கிறேன். முதல் வேலை முடிந்த நிலத்தில்தான் இரண்டாவது வேலை நடக்கிறது. இந்தியாவிலும் பார்க்கலாம். 1936-இல் ஹெய்லி என்ற ஆளுநர் பெயரில் தொடங்கிய தேசியப் பூங்கா, ஜிம் கார்பெட் இறந்த பிறகு அவர் பெயரைப் பெற்றது. கார்பெட் 1955-இல் இறந்தது கென்யாவில், ந்யேரியில். பேடன் பவல் தன் கடைசிக் காலத்துக்காகக் கட்டிய அதே குடிலில்தான் அவர் வாழ்ந்தார். இருவரும் புதைக்கப்பட்டது ஒரே கல்லறைத் தோட்டத்தில். பேடன் பவல் கல்லறைமேல் வட்டமும் நடுவில் புள்ளியும் செதுக்கியிருக்கிறது: வீட்டுக்குப் போய்விட்டேன். அந்தக் கல்லறைக்கு எட்டத் தெரிகிற மலைக்காடுகளில் ஐம்பதுகளில் மாவ் மாவ் போராளிகள் ஒளிந்திருந்தார்கள். அவர்களை வேட்டையாட மறுபடியும் தடம் பார்க்கிறவர்கள் தேவைப்பட்டார்கள். யாருடைய வீடு என்று யாரும் அந்தக் கல்லிடம் கேட்கப்போவதில்லை.

ஆள் பெயரை மலைக்கு வைப்பதைப் பற்றிக் கொஞ்சம் நம்ம பக்கம் திரும்பிப் பார்க்கலாம். சங்கப் பாடல்களில் பெயர் போகிற திசை நேர்மாறு. பறம்புக்குரிய பாரி, கொல்லிக்குரிய ஓரி, முதிரத்துக் குமணன், பொதியிலுக்குரிய ஆய். மலையால் மனிதனுக்கு அடையாளம். மனிதனால் மலைக்கு இல்லை. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனை இன்று 'முதல் வனவிலங்கு ஆர்வலர்' என்று மேடைகளில் சொல்கிறார்கள் (மயிலுக்குக் குளிரும் என்று நினைத்தவரை ஆர்வலர் என்று வேண்டுமானால் சொல்லலாம்). அவர் ஆண்ட பழனி மலையில்கூட அவர் பெயரால் ஒரு சிகரம் இல்லை. இருந்தாலும் இதை வைத்து 'தமிழன் இயற்கையோடு இயைந்தவன்' என்று மார்தட்ட நான் தயாரில்லை. பறம்பு இன்று பிரான்மலை, அதாவது சிவன் மலை. எங்க ஊருக்குத் தெற்கே நிற்கிற பொதியிலில் ஆய் போய் அகத்தியர் வந்து உட்கார்ந்துவிட்டார். பௌத்தர்களின் போதலகம் இந்தப் பொதியில்தான் என்று ஷூ ஹிகோசாகா வாதிட்டிருக்கிறார். அப்படியென்றால் அகத்தியருக்கு அடியில் அவலோகிதரும் கிடக்கிறார். நாமும் பெயரை அழித்துப் பெயர் எழுதியவர்கள்தான். வெள்ளைக்காரன் அளவைக் கருவியோடு வந்து செய்தான், நாம் தலபுராணத்தோடு செய்தோம்.

சில சமயம் பெயர் சூட்டல் தோற்பதும் உண்டு. ஆனைமலையில் மவுண்ட் ஸ்டூவர்ட் என்று ஓர் ஆளுநரின் பெயரை வைத்தார்கள். மரத்தை உச்சியிலிருந்து சறுக்கிவிட்ட கூலிக்காரர்களின் வேலையிலிருந்து வந்த 'டாப்சிலிப்' என்ற பெயர்தான் நின்றது.

சங்கரன்கோவிலில் மொட்டை மாடியில் நின்றால் மேற்கே முழுக்க மலை. நீலமாக ஒரு கோடு, ஆடியில் மேகம் இறங்கினால் அதுவும் தெரியாது. அந்த அடிவாரம் முழுவதும் ஒரு காலத்தில் அரண். 1783-இல் கர்னல் புல்லர்ட்டன் காட்டை வெட்டிப் பாதை போட்டுச் சிவகிரிக் காட்டரணுக்குள் புகுந்ததை அவரே எழுதி வைத்திருக்கிறார். அதற்கு இருபது ஆண்டு முந்திய தலைமுறை பூலித்தேவருடையது. நெற்கட்டும்செவல் 1761-இல் யூசுப்கான் கையில் விழுந்தது. பூலித்தேவர் எப்படி இறந்தார் என்பதற்கு ஊரில் வேறு பதில். பிடித்துக்கொண்டு போகும் வழியில் சங்கரன்கோவில் கோமதியம்மனைக் கும்பிட்டு வருகிறேன் என்று உள்ளே போனவர் வெளியே வரவில்லை. கோயிலுக்குள் அவர் மறைந்த அறை என்று ஓர் அறையையே காட்டுவார்கள். பூட்டின விலங்கு அறுந்து விழுந்தது, ஆளைக் காணோம். தடமே இல்லாமல் போவது! எந்தப் பர்ன்ஹாமாலும் வாசிக்க முடியாத முடிவு. தோற்றவர்கள் தங்கள் தலைவனுக்குக் கொடுக்க முடிந்த பெரிய பரிசு அதுதான் என்று தோன்றுகிறது.

இந்தக் கதையில் சாரணன் ஒருவனும் இருக்கிறான். ஒண்டிவீரன். பூலித்தேவர் படையின் தளபதி, அருந்ததியர். எதிரி முகாம் தென்மலையில். மாறுவேடத்தில் தனியாளாக உள்ளே போய், பீரங்கிகளைத் திருப்பி வைத்து, குதிரையையும் வாளையும் கொண்டுவர வேண்டும். புல்லுக் குவியலுக்குள் ஒளிந்து கிடக்கிறான். குதிரையைக் கட்ட வந்த சிப்பாய் தெரியாமல் அவன் கை மேலேயே முளையை அடித்துவிடுகிறான். சத்தம் போட்டால் காரியம் கெட்டுவிடும். இரவு ஆனதும் கையை வெட்டிவிட்டு வேலையை முடித்துக்கொண்டு வருகிறான். நெற்கட்டும்செவல் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எனக்கு இதைச் சொன்னபோது, "கை போனா என்னய்யா, காரியம் போகலைல்லா" என்று தன் இடது கையைத் தொட்டுக் காட்டினார். சோளத்தட்டைக்குள் ஒளித்த குழந்தைக்கும் புல்லுக்குள் ஒளிந்த இந்த மனிதனுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்! ஒண்டிவீரன் கதை நீண்ட காலம் வாய்மொழியில்தான் கிடந்தது. பாளையக்காரர் வரலாறு எழுதியவர்கள் தலைவர்களின் சாதிப் பெருமைக்குக் கொடுத்த பக்கங்களில் பாதிகூட அவனுக்குக் கொடுக்கவில்லை. பாளையங்கோட்டையில் மணிமண்டபம் பிந்தித்தான் வந்தது, அஞ்சல்தலை 2022-இல்.

தடம் பார்க்கிற அறிவு இந்தச் சீமையில் ஒரு தொழிலாகவே இருந்தது. களவு போன மாட்டின் குளம்படியைப் பார்த்துத் துப்புச் சொல்லி, துப்புக்கூலி வாங்கிய காவல்காரர்கள். காவல் முறையைக் கம்பெனி ஒழித்தது. அதில் சுரண்டலும் மிரட்டலும் இருந்தன, அதற்காக நான் அழவில்லை. ஆனால் அந்த அறிவு என்ன ஆனது? 1911 குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கள்ளர், மறவர் பிரிவுகள் சிலவற்றின் ஆண்கள் ரேகை வைத்துவிட்டு இரவில் காவல் நிலையத்தில் படுக்க வேண்டியதாயிற்று. அதை எதிர்த்ததற்காக 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு. பர்ன்ஹாம் எண்ணெய் எடுத்துப் பூங்கா ஆணையத்தில் உட்கார்ந்திருந்த ஆண்டுகளிலும் இந்தச் சட்டம் நடப்பில்தான் இருந்தது. ஒரே வித்தை. அங்கே சிகரம், இங்கே கைரேகை.

இன்று இந்த மலையில் ஒரு பகுதி 2015-இல் அறிவித்த நெல்லை வனவிலங்கு சரணாலயம். வடக்கே போனால் 2021-இல் வந்த ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். அடிவாரத்தில் பளியர் குடியிருப்புகள். தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த மக்கள். காட்டுக்குள் போவதற்கு இன்று அனுமதி கேட்க வேண்டியவர்கள். வேட்டைத் தடுப்புக் காவலர் என்ற பெயரில் தொகுப்பூதியத்துக்குத் தடம் பார்க்கிறவர்கள் அவர்களில் உண்டு.

அப்படி ஒருவரோடு வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு காலையில் நின்றுகொண்டிருந்தேன். பர்ன்ஹாம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததால், எதிரே தெரிந்த உச்சியைக் காட்டி, அதுக்கு என்ன பேர் என்று கேட்டேன்.

"இங்கிருந்து பாத்தாலா சார்? அந்தப் பக்கம் போயிட்டா அதுக்கு வேற பேருல்லா."

ரெண்டு பேரையும் சொன்னார். நான் எழுதிக்கொள்ள நோட்டை எடுத்தேன். "எதுக்கு சார்?" என்றார். நோட்டை மூடிவிட்டேன்.